வடக்கின் நரகமும் அதன் வாயிற்கதவும்

நரகம் என்ற சொல்லை நாம் மிகவும் மலிவாகச் செலவிட்டுவிடுகிறோம். கோடை வெயில் கடுமையானால் நரகம் என்கிறோம். பேருந்தில் நெரிசல் மிகுந்தால் நரகம் என்கிறோம். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகாத வீட்டையும் நரகம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால், விசுவாசத்தின் உண்மையாக அந்தச் சொல்லைச் சிந்திக்க வேண்டிய வேளையில் நமக்கு வாய் அடைத்துப்போகிறது. மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களைக் கேட்டால், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி ஒன்றைத் தயங்காமல் வரைந்து காட்டுகிறார்கள். பெரியவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

அந்தச் சொல்லைத் தன் பெயராகவே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்துவரும் சாலை ஒன்று உண்டு. பிரான்சு நாட்டின் வட கோடியில், பெல்ஜியத்தின் எல்லையை ஒட்டிய ரூபே என்னும் பழைய நெசவாலை நகரத்தில் போய் முடியும் சாலை அது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஏறத்தாழ 175 வீரர்கள் அதில் மிதிவண்டிப் பந்தயம் ஓட்டுகிறார்கள். பாரிஸ்–ரூபே என்பது பந்தயத்தின் பெயர். "வடக்கின் நரகம்" என்பது அதன் மறுபெயர்.

பிரான்சு நாட்டைச் சுற்றி மூன்று வாரம் நடைபெறும் பெரிய பந்தயத்தைப் பலரும் அறிந்திருப்பீர்கள். பாரிஸ்–ரூபே அத்தகையது அன்று. ஒரே நாளில், ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்று இழந்ததை நாளை ஈடுசெய்யலாம் என்ற ஆறுதல் இதில் இல்லை. அண்மை ஆண்டுகளில் இதன் தொலைவு சுமார் 260 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தார் காணாத பாதை. மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் போவதற்கென்று முன்னோர் கற்களைப் பாவிய பழைய வயல்வழிகள் அவை. மொத்தம் 30 துண்டுகளாக அவை பந்தயத்தின் பிற்பகுதியில் வருகின்றன. அத்துண்டுகளுக்கு இறங்குமுகமாக எண் இட்டிருக்கிறார்கள்: முதலில் வருவது 30, இறுதியில் வருவது 1. ஒவ்வொரு துண்டின் கடுமைக்கும் ஏற்ப ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன் குறிகள் உண்டு. கற்கள் சமமாக இரா. நடுவே மேடிட்டு இருபுறமும் சரிந்திருக்கும். வறண்ட ஆண்டில் புழுதி கண்ணை மறைக்கும். மழை ஆண்டில் சேறு முகத்தை மறைக்கும். யார் எவரென்று தாயும் அறியமாட்டாள்.

இப்பந்தயத்துக்கும் நம் திருவழிபாட்டு ஆண்டுக்கும் தொடக்கம் முதலே ஓர் உறவும் உண்டு, ஒரு பூசலும் உண்டு. ரூபே நகரின் நெசவாலை உரிமையாளர்களான தியோ வியேன், மொரிஸ் பெரெஸ் ஆகிய இருவரும் 1895-இல் அந்நகரில் மிதிவண்டி ஓட்டத்துக்கென ஒரு வட்டரங்கைக் கட்டினர். அதற்குப் புகழ் சேர்க்கவே, பாரிஸிலிருந்து அதன் வாயில் வரை ஒரு பந்தயம் நடத்தலாம் என்று அடுத்த ஆண்டில் திட்டமிட்டனர். உயிர்ப்புப் பெருவிழா அன்று அதை நடத்த எண்ணியபோது, வீரர்களும் மக்களும் பாஸ்கா திருப்பலியைத் தவறவிடுவார்களே என்று திருச்சபைத் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்ததாகச் சொல்வார்கள். பங்குக் குரு எவரும் அந்தக் கவலையைப் புரிந்துகொள்வார்! எப்படியோ, முதற்பந்தயம் உயிர்ப்பு ஞாயிறுக்கு இரண்டு வாரம் கழித்து, 1896 ஏப்ரல் 19 அன்று நடைபெற்றது. ஜோசப் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் வென்றார். ஆனால், மறு ஆண்டே, 1897 ஏப்ரல் 18 அன்று, சரியாக உயிர்ப்பு ஞாயிறிலேயே பந்தயம் வந்தது. சிறுவயதில் புகைக்கூண்டுகளைத் துப்புரவு செய்து பிழைத்த மொரிஸ் காரன் அன்று வென்றார். அதன்பின் பாஸ்கா பந்தயம் என்றே மக்கள் இதை அழைக்கலாயினர். இன்றும் இது சில ஆண்டுகளில் குருத்து ஞாயிறில் வருகிறது, சில ஆண்டுகளில் உயிர்ப்பு ஞாயிறில் வருகிறது, சில ஆண்டுகளில் அதற்கடுத்த ஞாயிறில் வருகிறது. 2022-இலும் 2023-இலும் உயிர்ப்பு ஞாயிறு அன்றே நடந்தது.

இத்தகைய பாஸ்கா பந்தயத்துக்கு நரகம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கற்களிலிருந்து வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மை அன்று.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை பந்தயம் நடக்கவில்லை. பந்தயம் ஓடிய அதே நிலத்தின் குறுக்கே போர்முனை நான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1909, 1910, 1911 என்று மும்முறை தொடர்ந்து ரூபேயில் வென்ற ஒக்தாவ் லப்பீஸ் போர் விமானியாகி, 1917 ஜூலை 14 அன்று வானில் சுடப்பட்டு வீழ்ந்தார். 1913-இல் வென்ற பிரான்சுவா ஃபாபேர், 1915 மே 9 அன்று அதே வட பகுதியில் ஆராஸ் நகருக்கு அருகே உயிர்நீத்தார். தாங்கள் வென்ற பந்தயம் மீண்டும் தொடங்கியதைக் காண அவர்கள் இல்லை.

போர் ஓய்ந்தபின் 1919-இல் பந்தயத்தை மீண்டும் நடத்த விரும்பியவர்கள், சாலை மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்பினர். எழேன் கிறிஸ்தோஃப் என்ற புகழ்பெற்ற வீரரும் அவ்வாறு போனவர்களுள் ஒருவர். போகப் போக அவர்கள் கண்டது என்ன? கூரையில்லாத வீடுகள். கோபுரம் இழந்த கோவில்கள். கிளையும் இலையும் இன்றிக் கரிக்கட்டைகளாக நின்ற மரங்கள். குண்டு விழுந்த பள்ளங்களில் தேங்கிய நீர். வயல் தெரியவேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகச் சிலுவைகள். இதைக் கண்டு எழுதியபோதுதான் வடக்கின் நரகம் என்ற பெயர் செய்தித்தாளில் பிறந்தது. அப்பெயர் கற்களைக் குறித்து எழுந்ததன்று. மனிதன் மனிதனுக்குச் செய்ததைக் குறித்து எழுந்தது.

அந்த ஆண்டுப் பந்தயம் நடந்த நாள் 1919 ஏப்ரல் 20. அது உயிர்ப்பு ஞாயிறு. ஆன்ரி பெலிசியே வென்றார். 280 கிலோமீட்டரைக் கடக்க அவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே மிக மெதுவான ஓட்டங்களுள் அது ஒன்று. மெதுவாகத்தான் இருந்திருக்கும்! கல்லறைகளின் நடுவே எவனால் விரைய முடியும்?

இறையியல் படித்தவன் என்ற முறையில் இந்த ஒரு செய்தியிடம் நான் அடிக்கடி திரும்பி வருகிறேன். உயிர்ப்பு நாளன்று நரகத்தின் ஊடே மனிதர் சக்கரங்களை உருட்டிச் சென்றார்கள். விசுவாசப் பிரமாணத்தில் நாம் வாயால் விரைந்து சொல்லி, மனத்தால் நின்று பார்க்காத ஓர் உண்மை உண்டு: சிலுவைச் சாவுக்கும் உயிர்ப்புக்கும் இடையே ஆண்டவர் பாதாளத்துக்கு இறங்கினார் என்பதே அது. கீழைத் திருச்சபையின் உயிர்ப்பு ஓவியங்களைக் கண்டிருக்கிறீர்களா? அவற்றில் காலியான கல்லறையைக் காண முடியாது. பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து ஆண்டவரின் காலடியில் குறுக்காகக் கிடக்கும். அவர் ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருப்பார். உயிர்ப்பு என்பது நரகத்தைச் சுற்றிக்கொண்டு போவதன்று. அதன் ஊடே போவது.

நரகம் என்பது இறைவன் ஏற்றிவைத்த அடுப்பு என்று திருச்சபை கற்பிக்கவில்லை. இறைவனோடும் அவருடைய தூயவர்களோடும் உள்ள உறவிலிருந்து மனிதன் தன்னைத்தானே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலையே அது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் விளக்குகிறது. இந்தக் கண்கொண்டு பார்த்தால், 1914-க்கும் 1918-க்கும் இடையே அந்த மண்ணில் பதுங்குகுழி வெட்டியவர்கள் எதை வெட்டினார்கள் என்பது விளங்கும். ஒருவரையொருவர் காணாமல், ஒருவர் மொழியை மற்றவர் கேளாமல், இரு கரையிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களே இருந்துகொண்டு ஒருவரையொருவர் சுட்டனர். அதுதான் நரகம். அதற்குப் பின் அங்கே மிஞ்சிய கற்கள் வெறும் கற்களே.

இன்று இப்பந்தயம் பாரிஸில் தொடங்குவதில்லை. 1977 முதல் பாரிஸுக்கு வடக்கே உள்ள கொம்பியேன் என்னும் ஊரிலிருந்து புறப்படுகிறது. அந்த ஊரை அடுத்த காட்டில், ஒரு ரயில் பெட்டிக்குள், 1918 நவம்பர் 11 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஊரில்தான் 1430-இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க் பிடிபட்டார். அதே ஊரின் கார்மேல் மடத்தைச் சேர்ந்த 16 பேர், பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சிகளாயினர். 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். போர் முடிந்த இடத்தில் புறப்பட்டு, போர் நடந்த நிலத்தின் ஊடே போகிறது இந்தப் பாதை. விளையாட்டுக்காரர்கள் இதைத் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். ஆனால், நிலம் தன் நினைவை இழப்பதில்லை.

நான் குருமாணவனாக இருந்த காலத்தில், எங்கள் குருமடத்தில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் ஒருவர் வாழ்ந்தார். சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தமிழை நம்மவரைப் போலவே பேசுவார். 'ழ'கரம் மட்டும் இறுதிவரை அவருக்கு வசப்படவில்லை. ஏப்ரல் பிறந்தால் அவருடைய பேச்சு தானாகவே ரூபேக்குப் போய்விடும். இந்தப் பந்தயத்தை நான் முதலில் அறிந்தது அவர் வாயிலாகத்தான். "எங்கள் ஊர்ச் சாலையில் கல் இருக்கிறதே என்று ஒரு காலத்தில் நாங்கள் வெட்கப்பட்டோம் தம்பி, பிற்பாடு அதே கல்லைப் பார்க்க உலகமே வந்தது" என்பார்.

அவர் சொன்னது வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர்கள் வளம் பெற்றன. கல் பாவிய தெரு வறுமையின் அடையாளம் என்று கருதிய ஊராட்சித் தலைவர்கள் ஒவ்வொரு சாலைக்கும் தார் பூசினர். 1960-களில் கல்பாதைகள் வேகமாக மறைந்தன. பந்தயம் நடத்துவோர் வரைபடத்தைக் கையில் ஏந்தி, வயல்களுக்குள்ளும் காடுகளுக்குள்ளும் மறந்துபோன வழிகளைத் தேடி அலைய நேர்ந்தது. அப்போது ஜான் ஸ்தாப்லின்ஸ்கி என்ற வீரர் அவர்களுக்கு ஒரு வழி காட்டினார். போலந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் அவர். 1962-இல் உலக வாகையர். அவர் காட்டியது ஆரன்பர்க் காட்டின் ஊடே நேர்கோடாகச் செல்லும் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கல்பாதை. 1968-இல் பந்தயம் முதன்முதலாக அதன் வழியே சென்றது. அந்தப் பாதையின் கீழே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. இளமையில் அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர் ஸ்தாப்லின்ஸ்கி. ஒரே பாதையின் அடியிலும் உழைத்து, மேலும் பந்தயம் ஓட்டியவர் என்ற பெருமை அவருக்கே உரியது. இன்று அங்கே அவருக்கு நினைவுக்கல் நிற்கிறது.

இப்போது அக்கற்களைக் காப்பதற்கென்றே தன்னார்வலர்களின் அமைப்பு ஒன்று இயங்குகிறது. விடுமுறை நாள்களில் மண்வெட்டியோடு வந்து, பெயர்ந்த கற்களை மீண்டும் பதிக்கிறார்கள். 2024-இல் ஆரன்பர்க் பாதையின் கல்லிடுக்கில் வளர்ந்த புல்லை அகற்ற ஆடுகளை ஓட்டிவந்து மேயவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய வீரர்கள் ஓட்டப்போகும் பாதையை ஆடுகள் செம்மைப்படுத்தின என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் பெத்லகேமின் நினைவு வந்தது. வெற்றி பெற்றவருக்குத் தரும் பரிசும், 1977 முதல், அந்தப் பாதையின் கல் ஒன்றே. பீடத்தில் பதித்த வெறுங்கல். வீரர்கள் அதை இரு கைகளாலும் தூக்கி முத்தமிடுகிறார்கள்.

கல்லின்மேல் மிதிவண்டி ஓட்டுவது தனிக் கலை. கைப்பிடியை இறுகப் பற்றக் கூடாது என்பது அதன் முதல் பாடம். இறுகப் பற்றினால் ஒவ்வொரு கல்லின் அடியும் தோள்வரை ஏறும், உள்ளங்கை கொப்புளித்துப்போகும். தளர்வாகப் பிடித்து, சக்கரம் தன் வழியைத் தானே தேட விடவேண்டும். பயந்து மெதுவாகச் செல்பவனைக் கற்கள் அதிகமாக உலுக்கும். இன்னொன்று: இங்கே எவனும் தனியாக வெல்வதில்லை. ஒரு குழுவில் ஏழு பேர். தலைவனின் சக்கரம் பஞ்சரானால், துணை வீரன் தன் சக்கரத்தையோ, சில வேளை தன் வண்டியையோ கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பான். கல்பாதைகளின் முடிவில் உதவியாளர்கள் மாற்றுச் சக்கரங்களை உயர்த்திப் பிடித்துக் காத்திருப்பார்கள். நரகத்தில் பிறருக்குத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பவன் இருப்பானா? இருந்தால் அது நரகம் ஆகுமா?

இவர்களைப் புனிதர்களாக்க நான் முயலவில்லை. யோஹான் ம்யூசேவ் என்ற பெல்ஜிய வீரர் 1998-இல் ஆரன்பர்க் பாதையில் விழுந்து முழங்காற்சில்லு நொறுங்கினார். காயத்தில் சீழ் பரவி, காலையே எடுக்க நேரிடுமோ என்ற நிலை வந்தது. 2000-இல் அவர் அதே பந்தயத்தை வென்று, எல்லைக்கோட்டில் அந்த முழங்காலை உயர்த்திச் சுட்டிக்காட்டினார். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டனர். அதே ம்யூசேவ் பிற்காலத்தில், தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். கோதுமையும் களையும் ஒரே வயலில், ஒரே மனிதனில் வளர்கின்றன. உழைப்பு மெய்யானது, பிழையும் மெய்யானது. பிரித்தெடுக்கும் அறுவடை நம் கையில் இல்லை.

பெண்களுக்கு இந்தச் சாலை 125 ஆண்டுகள் மூடியே இருந்தது. நோய்த்தொற்றினால் 2020 பந்தயம் கைவிடப்பட்டு, 2021 பந்தயம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று முதன்முறையாக மகளிர் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த லிஸ்ஸி டெய்க்னன், ஒரு குழந்தையின் தாய், 80 கிலோமீட்டருக்கும் மேல் தனியாகவே ஓட்டி வென்றார். கையுறை அணியாமல் ஓட்டியிருந்தார். அவர் இறங்கியபின் மிதிவண்டியின் வெள்ளைக் கைப்பிடியில் இரத்தம் படிந்திருந்தது. வெற்றுக் கல்லறைக்கு முதலில் விரைந்தவர்கள் பெண்களே என்பதை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியிருக்கிறார்கள். உலகம்தான் அதை மெதுவாகப் படிக்கிறது.

இனி, நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். 2018 ஏப்ரல் 8. திருச்சபைக்கு அது இறை இரக்க ஞாயிறு. அன்று ரூபே சாலையில் மூன்று மனிதருக்கு மூன்று விதமாகப் பொழுது சாய்ந்தது.

முதல் மனிதர் பீட்டர் சகான். ஸ்லோவாக்கியர், அப்போது உலக வாகையர். அவர் வென்று, கல்லைத் தூக்கினார். செய்தித்தாள்கள் அவருடைய படத்தை வெளியிட்டன.

இரண்டாம் மனிதர் மிகேல் கோலார்ட்ஸ். பெல்ஜிய இளைஞர், வயது 23. பந்தயத்தின் தொடக்கக் கல்பாதை ஒன்றில் அவருடைய இதயம் நின்றுபோனது. வழியோரத்திலேயே அவருக்கு முதலுதவி செய்து, லீல் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அன்று இரவு அவர் இறந்தார். காலையில் மற்றவர்களைப் போலவே பெயரைக் கையெழுத்திட்டுப் புறப்பட்ட பிள்ளை அவர். அந்த மரணத்துக்கு எந்தப் பாடமும் கற்பிக்க எனக்கு மனமில்லை. 23 வயதுப் பிள்ளைகளை அடக்கம் செய்யும் வேளைகளில் பெற்றோர் முன் நான் அதிகம் பேசுவதில்லை. அவர் எந்த மைல்கல்லில் நின்றாரோ, அங்கேயே அவருக்கு எல்லைக்கோடு வந்தது என்று மட்டும் நம்புகிறேன்.

மூன்றாம் மனிதர் எவால்தாஸ் ஷிஷ்கேவிச்சியஸ். லித்துவேனியர்; சிறிய குழு ஒன்றின் வீரர்; பெரும் புகழ் இல்லாதவர். அவர் பின்தங்கினார். சக்கரம் பஞ்சரானது. குழுவின் காரோ பழுதாகி, இழுவை வண்டியின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. பந்தயத்தின் கடைசியில் ஒரு வண்டி வரும். முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவதால் அதற்குத் துடைப்ப வண்டி என்று பெயர். அதற்கும் பின்னே இழுவை வண்டியில் தம் குழுவின் கார் வரக் கண்டு, அதிலிருந்து ஒரு சக்கரத்தைப் பெற்று மாட்டிக்கொண்டு அவர் மீண்டும் மிதித்தார். துடைப்ப வண்டி அவர் பின்னே ஊர்ந்தது. ஏறிக்கொள்ள அழைத்தும் அவர் ஏறவில்லை. சாலையோரத்துக் கூட்டம் கலைந்துவிட்டது. வெற்றி பெற்றவர் வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் அவர் ரூபே வட்டரங்கின் முன் வந்து நின்றார். நேர வரம்பு கடந்துவிட்டது. கதவு மூடியிருந்தது.

அவர் திரும்பிப் போகவில்லை. திறக்கும்படி கேட்டார். திறந்தார்கள். வெறிச்சோடிய அரங்கில் தமக்குரிய சுற்றை ஓட்டி முடித்து, எல்லைக்கோட்டைக் கடந்தார். முடிவுப் பட்டியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. முடிக்காமல் போவதற்கு மட்டும் அவர் இசையவில்லை.

நண்பர்களே, மூடிய கதவைப் பற்றி நற்செய்தி மென்மையாகப் பேசுவதில்லை. எண்ணெய் இல்லாத கன்னியர் ஐவர் கதவைத் தட்டியபோது அது திறக்கவில்லை. ஆண்டவர் சொன்ன உவமையை நம் வசதிக்காக நாம் வெட்டக் கூடாது. காலம் முடியும் என்பதும், கதவு ஒன்று உண்டு என்பதும் நற்செய்தியின் பகுதிகளே. ஆனால், அக்கன்னியரின் கதையைக் கூர்ந்து பாருங்கள். மணமகன் வந்த வேளையில் அவர்கள் வழியில் காத்திருக்கவில்லை. விளக்கை அணையவிட்டு, வேறெங்கோ போயிருந்தார்கள். தாமதமாக வந்த திராட்சைத் தோட்ட வேலையாளோ, சந்தை வெளியில் பகலெல்லாம் நின்றுகொண்டிருந்தான். அழைப்பு வந்ததும் கடைசி ஒரு மணி நேரத்துக்காகிலும் புறப்பட்டுப் போனான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அந்த ஒரு மணி நேரமும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கான மூச்சு மட்டுமே இருந்தது. அவனுக்கும் திறந்தது. தாமதத்தையும் கைவிடுதலையும் ஆண்டவர் ஒன்றாக எண்ணவில்லை.

நோயாளிகளுக்கு அருளடையாளம் வழங்கப் போகும் வீடுகளில் நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி, நரகம் உண்டா என்பதன்று. "இப்ப வந்தா சேத்துக்குவாங்களா சாமி?" என்பதே அது. சில வேளை நோயாளியே கேட்பார். பெரும்பாலும் வாசலில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி மகள் கேட்பாள்: "அப்பா கோவிலுக்கு வந்து முப்பது வருசமாச்சு சாமி..." அந்த முப்பது ஆண்டுகளில் அந்த மனிதர் எத்தனை கற்களின்மேல் உருண்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? கடன், குடி, பங்கில் எவரோ சொன்ன ஒரு சுடுசொல், ஆறாத ஓர் இழப்பு. துடைப்ப வண்டி அவர் பின்னே பல ஆண்டுகளாக ஊர்ந்து வந்திருக்கிறது. ஏறிக்கொள், போதும், உனக்கு இனி ஒன்றும் இல்லை என்று அது அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இருந்தும் அவர் கேட்கிறார். கேட்கிறார் என்றால் இன்னும் சாலையில்தான் இருக்கிறார் என்று பொருள். சாலையில் இருப்பவர் நரகத்தில் இல்லை. நரகம் என்பது கதவு மூடிய இடமன்று. கதவைத் தேடுவதை மனிதன் விட்டுவிட்ட இடம்.

பவுலடியார் விளையாட்டு அரங்கின் படிமத்தை விரும்பிக் கையாண்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். கொரிந்து மக்களுக்கு எழுதியபோது, ஓடுபவர் பலராயினும் பரிசு ஒருவருக்கே என்று சொல்லி, வெல்வதற்காக ஓடும்படி தூண்டினார். திமொத்தேயுவுக்கு எழுதிய கடைசி மடலிலோ தொனி மாறியிருக்கிறது. அப்போது அவர் சிறையில் இருக்கிறார். சாவு அருகில் இருக்கிறது. தாம் முதலாவதாக வந்ததாக அவர் அங்கே சொல்லவில்லை. ஓட்டத்தை முடித்ததாக மட்டுமே சொல்கிறார். பரிசும் அங்கே ஒருவருக்கு உரியதாக இல்லை. ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் அனைவருக்கும் உரியதாகிறது. இளமையின் இறையியலுக்கும் முதுமையின் இறையியலுக்கும் உள்ள வேறுபாடு இதுதானோ என்று, வயது ஐம்பதைக் கடந்தபின், நான் எண்ணுவதுண்டு.

ஷிஷ்கேவிச்சியஸின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு. அவர் மீண்டும் அதே சாலைக்கு வந்தார். அந்த முறை ஒன்பதாவதாக வந்தார். மூடிய கதவைத் தட்டியவருக்கு, அதே அரங்கு திறந்த வாயிலோடும் நிறைந்த கூட்டத்தோடும் வரவேற்பு அளித்தது. ஒன்பதாம் இடத்துக்குக் கல் கிடையாது. கேட்டிருந்தாலும் அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஒவ்வொரு பங்கிலும் கதவுகள் உண்டு. அவற்றின் திறவுகோல் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. திருப்பலி தொடங்கியபின் பின்வாசலில் தயங்கி நிற்பவர், பல ஆண்டுகளுக்குப் பின் கல்லறைத் திருநாளன்று மட்டும் வந்து ஓரமாக மெழுகுவர்த்தி ஏற்றுபவர், திருமணச் சிக்கலினால் இனித் தமக்கு இடமில்லை என்று தாமே முடிவு செய்துகொண்டவர் — இவர்கள் எல்லாரும் நேர வரம்பு கடந்து வட்டரங்கின் முன் வந்து நிற்பவர்கள். பட்டியலில் அவர்களுக்கு எந்த இடம் என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். கதவைத் திறப்பது மட்டுமே நம் வேலை.